மந்தநிலையில் ஊதிய வரி உயர்ந்தால்: ஆட்குறைப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: ஆர்டர்கள் குறைந்துகொண்டே வரும் இந்த நேரத்தில், ஊழியர் சம்பளத்தின் மீது நிறுவனம் கட்டும் வரியை அரசு உயர்த்துகிறது. இருபது பேர் வேலை செய்யும் எங்கள் பட்டறை இதைத் தாங்குமா? இரண்டு பேரை நிறுத்துவதுதான் வழியா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. லாபத்தின் மீதான வரி, நட்டம் வந்த ஆண்டில் தானாகவே இறங்கிவிடும்; ஊதிய வரியையோ நட்டத்திலும் கட்டியாக வேண்டும். நல்ல காலத்தில் அடுத்தடுத்த சம்பள உயர்வுகள் சற்றுக் குறைவாக அமைந்து, சில ஆண்டுகளில் இந்தச் சுமையின் பெரும்பகுதி ஊழியர் பக்கம் நகர்ந்துவிடுகிறது என்பது பொருளியலாளர் பலரின் கருத்து. மந்தநிலையில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. கைக்கு வரும் சம்பளத்தைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. விலையை ஏற்றினால் இருக்கிற வாடிக்கையாளரும் விலகிவிடுவார். எனவே அடி லாபத்திலும் புதிய நியமனத்திலும்தான் விழுகிறது.

முதலில், உயர்வு உங்கள் லாபத்தில் எவ்வளவு என்று பாருங்கள். விற்பனையில் 40 சதவீதம் சம்பளத்துக்குப் போகிறது, வரி வீதம் 1.2 சதவீதப் புள்ளி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 100 என்றால் கூடுதல் செலவு 0.48, கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் உங்கள் லாபம் விற்பனையில் 3 சதவீதம் மட்டுமே என்றால், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இந்த உயர்வு தின்றுவிடும்.

அடுத்து, வீதத்தை மட்டும் பார்க்காமல், எந்த வரம்புக்கு மேல் வரி தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் முதலாளியின் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு (அங்கே நிறுவனம் கட்டும் ஊதிய வரி இதுதான்) 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது; அதோடு ஆண்டு வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆக இறங்கியது. 12,000 பவுண்டு வாங்கும் பகுதிநேர ஊழியருக்கு நிறுவனம் முன்பு சுமார் 400 பவுண்டு கட்டியது, இப்போது 1,050 கட்டுகிறது. 40,000 பவுண்டு வாங்குபவருக்கு 4,264 என்பது 5,250 ஆனது. சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைந்த சம்பளக்காரர் மீதான ஏற்றம் மற்றவர் மீதானதைப்போல் இரு மடங்குக்கும் மேல், அதாவது மந்தத்தில் முதலில் வேலை இழக்கக்கூடியவர் மீதே பாரம் அதிகம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் அம்சம் இதுதான். அதே சமயம் அங்கே சிறு நிறுவனங்கள் கட்ட வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளும் ஆண்டுக் கழிவு 5,000 பவுண்டிலிருந்து 10,500 ஆக உயர்த்தப்பட்டதால், மிகச் சிறிய நிறுவனங்கள் பல தப்பித்தன. இப்படி ஒரு கழிவு உங்கள் சட்டத்திலும் இருக்கிறதா என்று கணக்காளரிடம் இன்றே கேளுங்கள்.

ஆட்குறைப்பில் அவசரம் வேண்டாம். ஒருவரை நிறுத்தினால் மிச்சமாவது அவருக்கான வரி உயர்வு மட்டுமல்ல, முழுச் சம்பளமும்தான் என்பது உண்மை. ஆனால் பணிநீக்க இழப்பீடும், ஆர்டர் திரும்பியபின் புதியவரைப் பழக்கும் செலவும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டு வரியே நிறுவனத்தின் ஆட்குறைப்பு வரலாற்றைப் பொறுத்து ஏறுகிறது. இன்று நிறுத்தியதற்கு அடுத்த ஆண்டுகளில் கூடுதலாகக் கட்ட நேரும். வேலை இல்லாமல் நட்டம் மாதாமாதம் பெருகினால் நிலைமை வேறு. வரி உயர்வு ஒன்றே காரணம் என்றால், ஓவர்டைமையும் காலியிடங்களையும் நிறுத்தி வைத்து, எல்லோரின் வேலை நேரத்தையும் சிறிது குறைப்பதையே நான் சொல்வேன்.

அரசிடம் கோரிக்கை வைக்க முன்னுதாரணங்கள் உண்டு. இந்தியாவில் 2020 மே முதல் ஜூலை வரை பெரும்பாலான நிறுவனங்களுக்கு வருங்கால வைப்புநிதிப் பங்களிப்பு 12 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. உயர்வை ரத்து செய்யக் கேட்பதைவிட, படிப்படியாக அமல்படுத்தத் தொழில்முனைவோர் சங்கத்தின் வழியாகக் கேட்பது பலன் தர வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பணமுடை வரும்போது, வரிக்கும் வைப்புநிதிக்கும் என்று ஊழியர் சம்பளத்தில் பிடித்த தொகையை உரிய இடத்தில் கட்டாமல் மூலப்பொருள் கடனுக்குத் திருப்பிவிடும் பழக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. அது உங்கள் பணமே அல்ல. அமெரிக்காவில் அதற்குப் பொறுப்பானவர் மீது, கட்டாத தொகைக்குச் சமமான அபராதம் தனிப்பட்ட முறையில் விழும். இந்தியாவில் அது குற்ற வழக்காகும். பிடித்த தொகையைச் சம்பள நாளிலேயே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நிறுவனத்தின் பங்கைக் கட்ட முடியாது என்று தெரிந்தால், கெடுத் தேதிக்கு முன்பே வரி அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள்.