மெடல் வேணாம், ரண்டோரி போதும்னா தப்பா?

கேள்வி: ஜூடோவுல ப்ரௌன் பெல்ட் வரைக்கும் வந்துட்டேன். ரண்டோரில (பாயிண்ட் கணக்கு இல்லாம ரெண்டு பேர் ஆடிப் பழகற பயிற்சி) த்ரோ தன்னால விழும்போது வர்ற சந்தோஷம் போட்டில ஜெயிச்சாலும் வரமாட்டேங்குது. கூட பழகுறவங்க "தோத்துடுவோம்னு பயம், அதான் சாக்கு சொல்ற"ங்கறாங்க. நிஜமாவே என்கிட்ட ஏதாவது குறையா?

பதில்: ஒரு குறையும் இல்லீங்க. ஜிகோரோ கானோ 1882ல டோக்கியோவுல கோடோகான் ஆரம்பிச்சு ஜூடோவ உருவாக்கினப்பவே ரண்டோரியும் கட்டாவும் (முன்கூட்டியே வகுத்த வரிசைல அசைவுகளப் பழகறது) தான் பயிற்சிக்கு அடிப்படை, மெடல் அப்புறம் வந்தது. ஒலிம்பிக்ஸ்ல ஜூடோ நுழைஞ்சதே 1964லதான்.

நீங்க சொல்ற சந்தோஷம் எங்க இருக்குன்னு எனக்கு நல்லா புரியுது. டி ஆஷி பராய்ங்கற கால் பெருக்கற த்ரோவவே எடுத்துக்குங்க, எதிராளி எடுத்து வைக்கிற கால்ல வெயிட் முழுசா இறங்கறதுக்கு ஒரு கண நேரம் முன்னாடி உங்க உள்ளங்கால் போய் அதை பெருக்கணும், முன்னாடியே போனா வெறும் காத்து, லேட்டானா ஊனி நின்ன கால்ல போய் இடிச்சு உங்களுக்குத்தான் வலிக்கும், சரியா அமைஞ்சா பலமே தேவைப்படாது, விழுந்தவருக்கு எப்படி விழுந்தோம்னே தெரியாது. இந்த டைமிங் கை விறைப்பா இருந்தா வரவே வராது. ஏன்னா அவர் வெயிட்ட எங்க மாத்துறார்னு உங்களுக்கு சொல்றதே நீங்க பிடிச்சிருக்கற அந்த ஸ்லீவ்தான். ஜெயிச்சே ஆகணும்னு நினைக்கிறப்ப முதல்ல இறுகறது முழங்கைதான், அப்புறம் ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

ஜூடோ மாஸ்டர் க்யூசோ மிஃபுனேயோட பழைய ஃபிலிம் கிடைச்சா கண்டிப்பா பாருங்க. 1945ல பத்தாவது டான் (ப்ளாக் பெல்ட் படி) வாங்கினவர், சின்ன உடம்பு. எழுபது வயசுக்கு மேல, இளவட்டப் பசங்க தூக்கிப் போடப் பார்க்கறாங்க, அவர் எதிர்த்து நிக்காம அவங்க போக்குலயே போய் பூனை மாதிரி கால்ல இறங்குறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல.

போட்டில ஜெயிக்கறதும் நல்லா ஜூடோ பண்றதும் எப்பவும் ஒண்ணு இல்ல. எதிராளி மூணு ஷிடோ (தப்புக்குக் குடுக்கற பெனால்டி) வாங்கிட்டா நீங்க ஒரு த்ரோ கூட போடாமலே ஜெயிச்சுடலாம். ரூல்படி அது வெற்றிதான், ஆனா அதுல உங்களுக்கு சந்தோஷம் வரலன்னா அதுல என்ன ஆச்சரியம்?

ஒண்ணு மட்டும் கவனிங்க. பார்ட்னர் விட்டுக்கொடுத்து வர்ற ஸ்மூத் நிஜமான ஸ்மூத் இல்ல, அழகா விழறவங்க கூடவே பழகிட்டிருந்தா அது உங்க திறமையா அவங்க தயவான்னு தெரியாமலே போயிடும். அதனால முரட்டுப் பிடி பிடிக்கறவங்க கூடவும் ஆடுங்க, எப்பவாவது போட்டிக்கும் போங்க, போனா ஸ்கோர் போர்ட பார்க்காதீங்க, அந்த இறுக்கத்துலயும் உங்க ஆஷி பராய் வருதான்னு மட்டும் பாருங்க. ரண்டோரில நல்ல த்ரோ வந்தா கைய நீட்டித் தடுக்காம உக்கெமி (அடிபடாம விழற முறை) போட்டு விழுந்து எந்திரிங்க. இத்தோட உங்கள விட லேசானவங்க, புதுசா சேர்ந்தவங்க கூடவும் வாரத்துல கொஞ்ச நேரம் பழகுங்க, பலத்த வச்சு சமாளிக்கறதுக்கு அங்க அவசியமே இருக்காது.