அப்பாவின் புள்ளடி

அன்பின் அண்ணாவுக்கு,

வணக்கம். நான் மல்லாவியில் இருக்கிறேன். ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் நீங்கள் எழுதிய கட்டுரையில், சின்னத்தைப் பார்க்காமல் விடயத்தைப் பார்த்து வாக்களியுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். பெரிய சண்டையாகிவிட்டது.

அப்பா சொல்கிறார்: "நாங்கள் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து முதல் போட்ட வாக்கே வீட்டுச் சின்னத்துக்குத்தான். ரோட்டையும் லைற்றையும் பார்த்து வாக்குப் போடுகிற சனம் இல்லை நாங்கள். வாக்குப் பிரிந்தால் ஆருக்கு லாபம் என்று உன்ரை எழுத்தாளரிட்டைக் கேள்." அண்ணன் 2024 இல் வேறு சின்னத்துக்குப் போட்டான். அதிலிருந்து இருவரும் தேர்தல் பற்றிப் பேசுவதே இல்லை.

எனக்கு இரண்டு பேரோடும் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. காணிப் பிரச்சினையில் ஒரு கட்சி சொல்வது சரியாகப் படுகிறது, நுண்கடன் விடயத்தில் இன்னொரு கட்சி. வாக்கோ ஒன்றுதான். அதை எப்படிப் பிரித்துப் போடுவது? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, மல்லாவி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் அப்பாவின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். முகாமிலிருந்து திரும்பி, கூரையில்லாத வளவில் தறப்பாள் கட்டி இருந்த நாள்களில் நானும் அதே சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். வேட்பாளர் யார், அவர் என்ன செய்வார் என்று அன்று எவரும் கேட்கவில்லை. நாங்கள் செத்து முடியவில்லை, இன்னும் இருக்கிறோம் என்று சொல்ல எங்களிடம் வேறு வழி இருக்கவில்லை. அந்த வாக்கை இன்று குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் அவர் வாதத்தில் நான் ஒத்துக்கொள்ள முடியாத ஒரு இடம் இருக்கிறது. உரிமை ஒரு பக்கம், றோட்டும் லைற்றும் இன்னொரு பக்கம் என்று அவர் பிரிக்கிறார். விடயம் என்றதும் எல்லோருக்கும் மதகும் மின்விளக்குமே ஞாபகம் வருகின்றன. உரிமை என்று நாம் சொல்வதே பல விடயங்களின் சேர்க்கைதான். கேப்பாப்புலவில் படையினர் வைத்திருக்கும் காணி ஒரு விடயம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் வந்து அமர்ந்த தாய்மார் தேடும் பிள்ளைகள் ஒரு விடயம். குருந்தூர்மலை விகாரைப் பிரச்சினை ஒரு விடயம். மாகாண சபை ஒரு விடயம். ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்தார் என்று தனித்தனியாகக் கேட்க முடியும். சின்னத்தை மட்டும் பார்த்துப் பழகியதால் நாம் கேட்காமலே விட்டுவிட்டோம்.

மாகாண சபையையே எடுங்கள். 2013 செப்ரெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 38 இடங்களில் 30 இடங்களை வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். 2018 ஒக்ரோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் வரவில்லை. ஏன்? 2017 இல் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றி ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. புது முறைக்குத் தொகுதி எல்லைகளை வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லாமல் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் ஓடவில்லை, தேர்தல் நடுவில் நின்றுவிட்டது. அந்த 2017 சட்டத்துக்கு நம்முடைய பிரதிநிதிகள் எப்படி வாக்களித்தார்கள், அன்று என்ன பேசினார்கள் என்பதெல்லாம் பாராளுமன்றப் பதிவான ஹன்சார்டில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் நம் ஊர் மேடைக்கு வந்த எந்த வேட்பாளரிடமாவது இதை யாரும் கேட்டோமா? நான் கேட்கவில்லை. உங்கள் அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். மாகாண சபை அதிகாரத்தைப் பெரிதாக மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

விடயத்தைப் பிடித்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2017 இல், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை முற்றாகத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அது கூட்டமைப்பு உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் இழுவைப் படகுகள் வருகின்றன, அது வேறு கதை. எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டும் ஒரு உறுப்பினர் ஒரு விடயத்தைக் கடைசிவரை கொண்டுபோகலாம் என்பது தெரிகிறது இல்லையா? அவருடைய மற்ற அரசியல் நிலைப்பாடுகள் ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். வலை அறுந்து நட்டப்பட்ட முல்லைத்தீவுக் கடற்தொழிலாளி ஒருவர் இதை எடைபோடும்போது அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எடைபோடலாம். அதே ஆள் கடலில் நடக்கும் வேறொன்றுக்கு, சுருக்குவலைக்கோ வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதற்கோ, என்ன செய்தார் என்றும் கேட்கலாம்.

அடுத்தது வாக்குப் பிரிவது. அப்பாவின் பயத்தில் உண்மை இருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். வீட்டுச் சின்னம் அதில் 2015 இல் நான்கும் 2020 இல் மூன்றும் எடுத்தது. 2024 இல் ஒன்று. அந்த ஆறு ஆசனமும் ஐந்து பட்டியல்களுக்குப் பிரிந்து போயின. அதோடு மாவட்டத்தில் ஐந்து வீத வாக்குக்குக் கீழே எடுக்கும் பட்டியல் கணக்கிலேயே வராது, அதற்குப் போட்ட வாக்கு வீண். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் பிரிந்தவர்கள் யார்? ஒரே சின்னத்தில் ஒன்றாக நின்ற கட்சிகள் ஒவ்வொன்றாக விலகித் தனிச் சின்னம் எடுத்த பிறகுதான் எங்கள் கையில் அவ்வளவு நீளமான வாக்குச்சீட்டு வந்தது. தலைவர்கள் பிரிந்ததற்கு உங்கள் அண்ணனைக் குற்றவாளியாக்குவது நியாயம் இல்லை.

இன்னொன்றும் அப்பாவுக்குச் சொல்லலாம். 1947 இல் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலிலேயே வவுனியாத் தொகுதி சுயேச்சையாக நின்ற சி. சுந்தரலிங்கத்தைத்தான் தெரிவு செய்தது. 1960 மார்ச்சில் அவரைத் தோற்கடித்தவரும் சுயேச்சைதான். கட்சிக்கு வெளியே ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வது வன்னிச் சனத்துக்குப் புதிய பழக்கம் இல்லை.

இனி உங்கள் கேள்வி: ஒரு வாக்கை எப்படிப் பிரிப்பது?

பாராளுமன்றத் தேர்தலில் பிரிக்க முடியாது. முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி போட வேண்டும், பிறகுதான் அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. காணிக்கு ஒரு கட்சி, கடனுக்கு ஒரு கட்சி என்று போட வழி கிடையாது. ஆனால் அந்த மூன்று விருப்பு வாக்கையும் நாம் மிகவும் அசட்டையாகக் கையாளுகிறோம். பட்டியலில் யார் உள்ளே போவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அப்பா வீட்டுக்குத்தான் போடுவார் என்றால் போடட்டும். அந்த வீட்டுக்குள் எந்த மூன்று பேர், ஏன் என்று அவரைக் கேளுங்கள். கட்சியை விடாமலே விடயத்தைப் பார்க்க அவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். 2024 செப்ரெம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முதல்தடவையாக அடுத்த விருப்புகளையும் எண்ணினார்கள். பிரதேச சபைக்கு ஒரே ஒரு புள்ளடிதான், அதே வாக்கு வட்டாரத்துக்கும் கணக்கு, கட்சிப் பட்டியலுக்கும் கணக்கு.

ஆக, எந்தச் சபை எதைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அரசியல் தீர்வைத் துணுக்காய்ப் பிரதேச சபை தர முடியாது. ஒழுங்கை, சந்தை, குப்பை, மயானம், நூலகம், தெருவிளக்கு, இவைதான் அதன் வேலை. 2018 இல் எங்கள் வட்டாரத்தில் நின்ற ஒருவர் பல வருடம் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர். மாரியில் தண்ணீர் எந்த வளவால் வந்து எந்த ஒழுங்கையை வெட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சின்னம் வேறு என்பதால் நான் அவருக்குப் போடவில்லை. நான் போட்டவர் வென்றார். மதகு போடுவதாகச் சொன்னார், போடவில்லை. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் நாலு மாரிக்குச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அந்தத் தண்ணீரைக் காணும்போதெல்லாம் எனக்கு என் புள்ளடிதான் ஞாபகம் வந்தது. நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விடயம் பார்த்து வாக்களிப்பது என்றால் தருகிறவருக்குப் போடுவது அல்ல. தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் வரும் தகரமும் கிறவலும், வேலை எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போகும் பெயர் விவரமும் விடயம் ஆகாது. அது உங்கள் ஒருவரின் தேவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாக்கை வாங்குவது. போர் முடிந்த பிறகு வன்னியில் இது நிறையவே நடந்தது, வறுமைப்பட்ட குடும்பங்களில் அதற்கு மயங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தகரம் உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும். நுண்கடன் வட்டிக்கு ஒரு சட்டம் வந்தால் அது, கொண்டுவந்தவருக்கு வாக்குப் போடாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேரும். வித்தியாசம் அதுதான்.

விடயங்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதையும் மறைக்கக் கூடாது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்தது. சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் கெட்டுப்போன குடும்பங்கள் கேட்டதும் நியாயம். கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் ஒரே தேர்தல் மாவட்டம், இரண்டு பக்கத்து வாக்கும் பெரும்பாலும் ஒரே சின்னத்துக்குத்தான் போனது. கட்சிக்கு இரண்டு பக்கமும் வேண்டும் என்பதால் இதில் உறுதியாக ஒரு சொல் சொல்லப் பலர் தயங்கினார்கள். பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அந்த யோசனையை முன்னரே முன்வைத்து வாதாடிய ஒருவரை நாம் தேடிப் பிடித்திருந்தால் சகோதரச் சண்டை இவ்வளவு நீண்டிருக்காது என்பது என் எண்ணம்.

சின்னத்துக்குள் அடங்கிப்போன சனமும் இருக்கிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் இன்றைக்கும் உறுதியோ பெர்மிட்டோ இல்லாமல் இருக்கிறவர்கள் பலர். நாங்கள் பட்ட அத்தனையும் அவர்களும் பட்டார்கள், நாங்கள் போட்ட சின்னத்துக்குத்தான் அவர்களும் போட்டார்கள். அவர்களுடைய காணி எந்த மேடையில் முதல் பேச்சாக வந்தது? இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்குக் காணியும் நுண்கடனும் என்று இரண்டு விடயம் இருக்கின்றன. இரண்டும் பாராளுமன்றத்தால் தீர வேண்டியவை. எதில் பிழைவிட்டால் திருத்தவே முடியாதோ அதை முன்னுக்கு வையுங்கள். நான் என்றால் காணியை வைப்பேன். நீங்கள் கடனை வைத்தால் அதற்கும் காரணம் இருக்கும். உங்கள் ஊரில் கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் வந்து நிற்கும் வாசல்களை நீங்கள்தான் காண்கிறீர்கள். பட்டியலில் உள்ளவர்களில் அந்த விடயத்தை இதற்கு முன் தொட்டவர் யார் என்று தேடுங்கள். பேசினார் என்றால் எங்கே, எப்போது என்று கேளுங்கள்.

தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு இந்த வருடம் சபை ஒதுக்கிய காசு எவ்வளவு, அதில் என்ன வேலை முடிந்தது என்று தமிழிலேயே எழுதிப் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் அப்பாவையும் அண்ணனையும் சேர்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் நடப்பது ஒரே ஒழுங்கையால்தானே. பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா