வாலிபால்: ஸ்மாஷுக்கு முன்னால் பழக வேண்டியது எது?

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து புதிதாக வாலிபால் ஆடத் தொடங்கியிருக்கிறேன். எதிரணியின் சர்வீஸை எடுக்கப் போனால் பந்து கையில் பட்டுத் தாறுமாறாகப் பறக்கிறது. முன்கையும் சிவந்து வலிக்கிறது. நடுவராக நிற்பவர் அடிக்கடி "ரொட்டேஷன் தப்பு" என்று விசில் ஊதுகிறார். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஸ்மாஷ்தான் பழகுகிறார்கள். நானும் அதில் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் சர்வீஸை எடுக்கப் பழகுங்கள், அடுத்து சர்வீஸ் போட. ஸ்மாஷ் மூன்றாவதாக வரட்டும். நீங்கள் கேட்ட மற்ற இரண்டுக்கும் விளக்கம் இந்த வரிசையிலேயே இருக்கிறது.

காரணம் ஆட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. தொட்ட நொடியிலேயே அது கையை விட்டுப் போயாக வேண்டும், மூன்று தொடுதலுக்குள் வலையைத் தாண்டவும் வேண்டும். முதல் தொடுதல் கோணலாகப் போனால் இரண்டாவது ஆள் ஓடிப்போய்த் தடுமாறி ஏதோ ஒன்றைத் தூக்கிவிடுவார். மூன்றாவது ஆளுக்கு ஸ்மாஷ் அடிக்கப் பந்தே வராது. உங்கள் அணியில் எவ்வளவு உயரமாகக் குதிப்பவர் இருந்தாலும் அவர் கைக்குப் பந்து போய்ச் சேருவது உங்கள் முன்கை வழியாகத்தான்.

இந்த ஆட்டம் தொடக்கத்தில் இவ்வளவு கறாராக இல்லை. 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதை உருவாக்கினார். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நாலு வருடம் முன்னால் பிறந்திருந்த கூடைப்பந்து, நடுவயதுக்காரர்களுக்கு மூச்சு வாங்க வைத்தது. மோதலும் இடியும் இல்லாத ஓர் ஆட்டம் அவர்களுக்கு வேண்டும் என்று நினைத்தார் மார்கன். அவர் கட்டிய வலையின் உயரம் ஆறரை அடி. ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பந்தைத் தட்டலாம். அவர் வைத்த பெயர் 'மின்டொனெட்'. அடுத்த ஆண்டே அது வாலிபால் ஆகிவிட்டது.

அதைக் கூர்மையாக்கியது பிலிப்பைன்ஸ். 1916 வாக்கில் அங்கேதான் ஒருவர் பந்தை உயர்த்திக் கொடுக்க, இன்னொருவர் குதித்து அடிக்கும் முறை வளர்ந்தது. 1920 வாக்கில் மூன்று தொடுதல் விதி வந்தது. அதோடு முதல் தொடுதலின் மதிப்பு ஏறிவிட்டது. சர்வதேசக் கூட்டமைப்பு 1947-இல் பாரிஸில் அமைந்தது. 1964 டோக்கியோவில் ஒலிம்பிக் ஆட்டமானது. அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் தங்கம் வென்ற ஜப்பான் அணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உயரத்தில் எதிரிகளை விடக் குறைந்தவர்கள். பந்து தரையில் விழாமல் பாய்ந்து எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் ரிசீவை, அதாவது பந்தை எடுக்கும் முறையை, அவர்கள் விடாப்பிடியாகப் பழகியிருந்தார்கள். எடுக்கும் கைகளுக்காகவே உலகம் பாராட்டிய அணி அது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான மாற்றம் 1998-இல் வந்தது. அதுவரை, ஐந்தாவது செட் தவிர, சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. ரிசீவ் செய்யும் அணி ஜெயித்தால் சர்வீஸ் உரிமைதான் கைமாறும். இப்போது ஒவ்வொரு ராலிக்கும், அதாவது ஒரு சர்வீஸிலிருந்து பந்து ஆட்டத்தை விட்டுப் போகும்வரை நடப்பதற்கு, யாருக்காவது ஒரு புள்ளி உண்டு. 25 புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தால் செட் முடிந்தது. ஐந்தாவது செட் வந்தால் அது மட்டும் 15. ஆக, நீங்கள் கோட்டை விடும் ஒவ்வொரு ரிசீவும் எதிரணிக்கு நேரடியாக ஒரு புள்ளி. அதே காலத்தில்தான் லிபரோ என்ற ஆட்டக்காரரும் விதிக்குள் வந்தார். வேறு நிறச் சட்டை போட்டு, பின்வரிசையில் மட்டும் ஆடி, பந்தை எடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்பவர். அவர் பிளாக் செய்யக் கூடாது, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையோரம் கை உயர்த்தித் தடுக்கக் கூடாது; வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் கூடாது. எடுப்பதற்கென்றே ஓர் ஆளைத் தனியாக வைக்கும் அளவுக்கு அந்த வேலை பெரிது.

இப்போது கைகளுக்கு வருவோம். உங்கள் பந்து தாறுமாறாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது, காலில் இருக்கும். புதிதாக ஆடுபவர் நின்ற இடத்தில் நின்றபடி, பந்து வரும் பக்கம் கையை நீட்டுகிறார். பந்து உடம்புக்குப் பக்கவாட்டில் கையில் படுகிறது. எந்தக் கோணத்தில் பட்டதோ அந்தக் கோணத்தில் பறக்கிறது. பந்துக்குப் பின்னால் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ரிசீவின் பாதி வேலை. கால்கள் தோள் அகலத்தை விடச் சற்று விரிந்திருக்கட்டும், ஒரு கால் கொஞ்சம் முன்னால். முழங்கால் மடங்கி, பாரம் முன்பாதத்தில் இருக்க வேண்டும். குதிகாலில் பாரத்தைப் போட்டு நிற்பவரால் முதல் அடி எடுத்து வைக்கவே முடியாது. கைகளைக் கோத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓடும்போது கைகள் பிரிந்திருக்கட்டும், இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சேருங்கள்.

சேர்க்கும்போது ஒரு கையின் விரல்கள் மற்றதன் மேல் படியட்டும். இரண்டு கட்டைவிரலும் ஒன்றை ஒன்று ஒட்டி இணையாக முன்னே நீளட்டும். மணிக்கட்டைக் கீழ்நோக்கி அழுத்தினால் முழங்கை தானாக நேராகும், முன்கையின் உட்புறம் மேலே திரும்பும். பந்து பட வேண்டிய இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள அந்தச் சதைப்பகுதி. கட்டைவிரலிலோ மணிக்கட்டு எலும்பிலோ பட்டால்தான் அப்படி வலிக்கும். சிவப்பு ஓரளவு பழக்கத்தில் குறைந்துவிடும். எலும்பில் சுள்ளென்று வலித்தால் பந்து படும் இடம் தப்பு என்று பொருள்.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. கைகளை வீசாதீர்கள். சாய்த்துப் பிடித்த ஒரு பலகையாக அவை இருக்கட்டும். சர்வீஸ் வேகமாக வந்தால் அதன் வேகமே பந்தைத் திருப்பி அனுப்பப் போதும். கையைக் கொஞ்சம் தளர்த்தி உள்வாங்கினால் இன்னும் நல்லது. மெதுவாக வந்தால் முழங்காலை நிமிர்த்தி, தோளால் லேசாகத் தள்ளுங்கள். பலகை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகும். அதனால் தோள்களை இலக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். இலக்கு எது? வலையின் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்புறமாக, வலையைத் தொடாத தூரத்தில் நிற்கும் செட்டர், அதாவது இரண்டாவது தொடுதலில் பந்தை உயர்த்திக் கொடுப்பவர். பந்து அவர் தலைக்கு மேலே நன்றாக உயர்ந்து, அவர் காலூன்ற நேரம் கொடுத்து இறங்க வேண்டும். வலைக்கு மேலேயே போய் விழும் பாஸ் எதிரணிக்கு விருந்து. வலையை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்தால்கூட அதைவிடப் பரவாயில்லை.

இன்னும் ஒன்று, எடுக்கும் முன் வாயைத் திறந்து "எனக்கு" என்று உரக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு நடுவே யாரும் தொடாமல் விழும் பந்துகளைப் புதிய அணிகளில் எப்போதும் பார்க்கலாம். அவற்றில் முக்கால்வாசி கூச்சத்தால் விழுபவை.

பழகுவதற்குத் துணை ஒருவர் போதும். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று அவர் இரண்டு கையால் பந்தை எறியட்டும். நீங்கள் அவர் தலைக்கு மேலே வரும்படி திருப்பிக் கொடுங்கள். அது சரியாக வந்ததும் இடமும் வலமுமாக எறியச் சொல்லுங்கள். பிறகு வலைக்கு அப்பால் பாதித் தூரத்திலிருந்து சர்வீஸ், கடைசியில் முழுத் தூரம். முழுத் தூரச் சர்வீஸில் நேராகத் தொடங்குபவர்கள் பயந்து கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். துணை இல்லாத நாளில் சுவர் இருக்கிறது.

தலைக்கு மேலே வரும் மெதுவான பந்தை விரல்களால் எடுக்கலாம். நெற்றிக்கு மேலே இரண்டு கையும் பந்தின் வடிவில் விரிந்திருக்க, விரல் நுனிச் சதைகளில் வாங்கி உடனே தள்ளிவிட வேண்டும். உள்ளங்கையில் பட்டு நின்றால் பிடித்து எறிந்ததாக விசில் வரும். முதல் தொடுதலில் ஒரே அசைவுக்குள் பந்து அடுத்தடுத்து இரண்டு இடத்தில் பட்டால் விதி மன்னிக்கிறது. பிடித்து எறிவதை ஒருபோதும் மன்னிப்பதில்லை. காலில் பட்டுப் போனாலும் இப்போது ஃபவுல் இல்லை. பிளாக்கில் பட்ட தொடுதல் மூன்றில் கணக்கிடப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மறந்து இரண்டாவது தொடுதலிலேயே அவசரமாகத் திருப்பி அனுப்புபவர்கள் பலர்.

சர்வீஸ் யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே முழுக்கக் கட்டுப்படுத்தும் ஒரே அடி. தொடக்கத்தில் கீழ்க்கைச் சர்வீஸ் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கை பழகியதும் மேலிருந்து ஃப்ளோட் போடுங்கள். அடிக்கும் தோளுக்கு முன்னால் பந்தைத் தாழ்வாக, சுழலாமல் எறிந்து, மணிக்கட்டை இறுக்கி, உள்ளங்கையால் பந்தின் நடுவில் அடித்துக் கையை அங்கேயே நிறுத்துங்கள். சுழற்சி இல்லாத பந்து காற்றில் ஆடி ஆடிப் போகும். எடுப்பவருக்கு அதுதான் தலைவலி. நடுவர் விசிலுக்குப் பிறகு 8 விநாடிக்குள் அடிக்க வேண்டும். அடிக்கும் நொடியில் கால் கடைக்கோட்டைத் தொடக் கூடாது. வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் முன்பு தப்பு. இப்போது ஆட்டம் தொடரும்.

இனி ரொட்டேஷன். சர்வீஸ் போடுபவரின் இடம், அதாவது பின்வரிசையின் வலது மூலை, 1. அவருக்கு முன்னால் வலையோரம் 2, நடுவில் 3, இடப்பக்கம் 4. 4-க்குப் பின்னால் 5, பின்வரிசை நடுவில் 6. எதிரணியின் சர்வீஸில் நீங்கள் ராலியை வென்றால், எல்லோரும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். 2-இல் இருந்தவர் 1-க்கு வந்து சர்வீஸ் போடுவார். உங்கள் சர்வீஸிலேயே நீங்கள் வென்றால் யாரும் நகர வேண்டாம், அதே ஆள் தொடர்வார். நட்பு ஆட்டங்களில் பாதி "ரொட்டேஷன் தப்பு" இந்த இடத்தில் ஏற்படும் மறதிதான்.

மீதிப் பாதி, எதிரணி சர்வீஸ் அடிக்கும் நொடியில் நீங்கள் நிற்கும் இடம். விதி உங்களை ஒரு கட்டத்துக்குள் பூட்டி வைப்பதில்லை. பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. முன்னும் பின்னுமாக 4-ம் 5-ம், 3-ம் 6-ம், 2-ம் 1-ம் ஜோடிகள். பின்னால் உள்ளவர் தன் ஜோடியைத் தாண்டி வலைப்பக்கம் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் 4, 3, 2 என்ற வரிசையும் 5, 6, 1 என்ற வரிசையும் மாறக் கூடாது. குறுக்கே இருப்பவர்களை, உதாரணமாக 4-ஐயும் 6-ஐயும், யாரும் ஒப்பிடுவதில்லை. பார்ப்பது காலின் இடத்தை மட்டும். பந்து சர்வீஸ் கையில் பட்ட மறுநொடி எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். 1-இல் இருக்கும் செட்டர் 2-க்குச் சற்றுப் பின்னால் ஒட்டி நின்று, அடி விழுந்ததும் வலைக்கு ஓடுவது அதனால்தான். ஓடியவர் பின்வரிசைக்காரர் என்பது மட்டும் மாறாது. அவர் பிளாக் செய்யக் கூடாது. வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி உள்ள கோட்டுக்கு முன்னால் காலூன்றிக் குதித்து, முழுவதும் வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கவும் கூடாது.

ஸ்மாஷைப் பற்றிக் கேட்டதால் சுருக்கமாக: வலக்கைக்காரர் இடது, வலது, இடது என்று மூன்று அடி வைத்துக் குதிக்க வேண்டும், கடைசி இரண்டு அடி வேகமாக. பந்து செட்டர் கையை விட்டுக் கிளம்பும் முன்னால் ஓடிப்போய் வலைக்கடியில் நிற்பதுதான் எல்லோரும் செய்வது. பொறுத்திருந்து ஓடுங்கள். இறங்கும்போது இரண்டு காலும் சேர்ந்து ஊன்றட்டும். வாலிபாலில் அதிகம் பார்க்கும் திடீர்க் காயம் கணுக்கால் சுளுக்கு. அதிலும் பெரும்பகுதி வலைக்கடியில் அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குவதால் வருவது. நடுக்கோட்டை முழுப் பாதமும் தாண்டக் கூடாது என்ற விதியை நட்பு ஆட்டத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கை வலி தொடர்ந்தால் பந்தையும் சோதியுங்கள். சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம், உள்ளழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ, பம்பு அளவியில் சுமார் 4.3 முதல் 4.6 பி.எஸ்.ஐ. இதற்கு மேல் காற்றடித்த பந்து கல்லாக வந்து விழும், முன்கையில் நிற்காமல் தெறிக்கும். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பழகும் காலத்தில் அதை இறக்கிக் கட்டுவதில் தவறில்லை.