கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு படம்

(பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் 19 ஆண்டுகள் திரைப்பட மன்றம் நடத்திய இயற்பியல் பேராசிரியர், கல்லூரிப் படக்காட்சிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் கல்லூரியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் உலக சினிமா போடுகிறோம். முதல் வாரம் அரங்கு நிறைந்தது. நாலாவது வாரம் 11 பேர், அதில் 3 பேர் ஆசிரியர்கள். எங்கே தப்பு?
— விரிவுரையாளர், சேரன்மகாதேவி

படம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லையே?

மன்றத்தை என் தலையில் கட்டியது எனக்கு சினிமா தெரியும் என்பதால் அல்ல. 16 எம்.எம். புரொஜெக்டரில் பல்பு மாற்ற எனக்குத்தான் தெரியும், அவ்வளவுதான். முதல் வருடமே ரொம்ப ஆசைப்பட்டு ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' போட்டேன். ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் படம். நாலு மணிக்கு ஆரம்பித்தோம். ஐந்தரைக்கு ஒரு பையன் எழுந்தான், முக்கூடல் பஸ். அவன் பின்னாலேயே நாலு பேர், பாபநாசம் பஸ். கொட்டுகிற மழையில் கடைசிச் சண்டை வரும்போது அரங்கில் நானும், நாலைந்து விடுதிப் பிள்ளைகளும், வாட்ச்மேனும்தான் மிச்சம். வாட்ச்மேன் மட்டும் நாற்காலி நுனியை விட்டுப் பின்னால் சாயவே இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன்: வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றரை மணி நேரப் படம்தான். நல்லவேளையாக உலகின் மிகச் சிறந்த படங்களில் பல அந்த அளவுக்குள்ளேயே இருக்கின்றன. இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) அப்படித்தான். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) அப்படித்தான். நீளமான படங்களை விடுதி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள்.

இன்னொன்று, படத்துக்கு முன்னால் சிறப்புரை வைக்காதீர்கள். 'நியோ ரியலிசம்' (சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை நிஜத் தெருக்களில் எடுக்கிற பாணி) என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு விளக்கை அணைத்தால் பாதிப் பேர் அந்த இருட்டிலேயே நழுவிவிடுவார்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' போடும்போது நான் ஒரே ஒரு வரி சொல்வேன்: "இதில் அப்பாவாக வருகிறவர் நடிகர் இல்லை, நிஜமாகவே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்." அது போதும்.

'பைசைக்கிள் தீவ்ஸ்' ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வரும். போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில். மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் வைத்து சைக்கிளை மீட்கிறாள். கடைக்காரன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கு மேல் அடுக்காக ஏறுவான். கூரை வரைக்கும் மூட்டைகள், எல்லாம் அடுத்தவர் வீட்டு விரிப்புகள். அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க ஊர்ல அண்டாவத்தான் சார் கொண்டு போயி வப்பாவ." அரங்கே சிரித்தது. அப்புறம் சட்டென்று ஒரு அமைதி. நான் எத்தனை சிறப்புரை வைத்திருந்தாலும் அது வந்திருக்காது.

கேள்வி: சப்டைட்டில் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. தமிழ் மீடியத்தில் படித்த நாங்கள் என்ன செய்வது?
— மாணவி, அம்பாசமுத்திரம்

இது உங்கள் குறை இல்லை, படம் தேர்ந்தெடுப்பவர்களின் சோம்பேறித்தனம். பேச்சு குறைவான படங்களைப் போடச் சொல்லுங்கள். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) பார்க்க சப்டைட்டிலே தேவைப்படாது. ஈரானிய இயக்குநர் கியாரொஸ்தமி 1987-ல் எடுத்த 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' படத்தில் ஒரு பையன், தவறுதலாகத் தன்னோடு வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். வளைந்து வளைந்து மேலே போகும் குன்றுப் பாதையில் அவன் ஓடுவதைப் புரிந்துகொள்ள எந்த மொழி வேண்டும்? மற்ற படங்களுக்கு, பாதிக் கதையை மட்டும் தமிழில் ஒரு பக்கம் எழுதி முதல் நாளே நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். மீதிக் கதை தெரிய வேண்டுமென்றே சிலர் வருவார்கள்.

கேள்வி: சமூக அக்கறைப் படம் என்றால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா?
— வாசகர், தச்சநல்லூர்

வேண்டாமே. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) நம் ஊர் சட்டக் கல்லூரியில் நடக்கிற கதைதான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தது பற்றி ஆவணப்படம் இருக்கிறது. இத்தாலியையும் இதையும் அடுத்தடுத்த வாரங்களில் போடுங்கள்.

கேள்வி: மகனைப் படிக்க அனுப்பினால் படம் காட்டுகிறார்கள். இது என்ன நியாயம்?
— ஒரு தகப்பனார், கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ஒரு ஜோடி ஷூ. காலையில் அவள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டு ஓட்டமாக வருவாள்; சந்து முனையில் மாற்றிக்கொண்டு இவன் ஓடுவான். அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் எல்லோரும் போன பிறகும் நின்றான். அம்மாவுக்கு பீடி சுற்றுகிற வேலை. பள்ளியில் படிக்கும்போது அவனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே ஜியோமெட்ரி பாக்ஸாம். காலையில் அவனுக்குப் பரீட்சை, மதியம் அவளுக்கு. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று கைமாற்றுவார்களாம். "இத யாருட்டயும் சொன்னதில்ல சார்" என்றான். மூன்று வருடம் வகுப்பில் வாய் திறக்காத பையன்.

1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்லூரிக்குள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் படம் காட்டுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அந்தப் பட்டியலில் பெற்றோரும் உண்டு. ஆகவே நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை போய் உட்காருங்கள். மேற்கு ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம்; எவ்வளவு கறுப்புத் துணி கட்டினாலும் ஐந்து மணி வரை வெயில் முகத்தில்தான் அடிக்கும்.