எஸ்எஸ்எச் போர்ட்டை 2222-க்கு மாற்றினால் சர்வர் பாதுகாப்பாகிவிடுமா?

கேள்வி: வாடகைக்கு எடுத்த உபுண்டு விபிஎஸ்ஸில் (மெய்நிகர் சர்வர்) என் வலைத்தளம் ஓடுகிறது. எல்லா உரிமையும் உள்ள ரூட் பெயரிலேயே பாஸ்வேர்ட் போட்டு, தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைகிறேன். லாகை (நுழைவு முயற்சிகளின் பதிவு) திறந்தால் நாள் முழுக்க யார் யாரோ நுழையப் பார்ப்பது தெரிகிறது. எஸ்எஸ்எச்சின் போர்ட்டை 22-லிருந்து 2222-க்கு மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். 22-ஐ மட்டும் தட்டிப் பார்க்கும் பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) விலகிப் போகும்; எல்லாப் போர்ட்டையும் துழாவும் ஸ்கேனரிடம் 2222 மறையாது. இன்னொன்று: 1024-க்கு மேலுள்ள போர்ட்டை ரூட் அல்லாத பயனர் புரோகிராமும் பிடித்துக்கொள்ளலாம். மாற்றியே தீருவேன் என்றால் அதற்குக் கீழே காலியான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செய்ய வேண்டியது பாஸ்வேர்ட் நுழைவையே நிறுத்துவது. உங்கள் கணினியில் (சர்வரில் அல்ல) எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி ஈடி25519 வகைக் கீ ஜோடி உருவாக்குங்கள்; ரகசியக் கீ உங்களிடமே இருக்கும், பப்ளிக் கீ சர்வருக்குப் போகும். பாஸ்ஃப்ரேஸ் (ரகசியக் கீயைப் பூட்டும் சொல்) கேட்கும் இடத்தில் வெறும் என்டர் தட்டாதீர்கள். லேப்டாப் திருடு போனால் கீ ஃபைலுக்கு அது ஒன்றுதான் காவல். சர்வரில் சூடோ உரிமையுள்ள (தேவைப்படும்போது ரூட் வேலையைச் செய்யக்கூடிய) தனிப் பயனரைச் சேர்த்து, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் பப்ளிக் கீயை அவருக்கு ஏற்றுங்கள். கீயைக் கொடுத்தும் உள்ளே விடவில்லையா? பெரும்பாலும் பெர்மிஷன் கோளாறுதான். அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் உள்ள .ssh ஃபோல்டர் 700, அதனுள் ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைல் 600 என, அதாவது உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லாதபடி இருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருந்தாலும் சர்வர் கீயை ஏற்காது. காரணத்தை உங்கள் திரையில் காட்டாது, சர்வரின் ஆத்.லாகில்தான் எழுதும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். எஸ்எஸ்எச்டியின் (சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் சேவை) அமைப்பு ஃபைலான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனுக்கு 'நோ' போட்டு, ரீஸ்டார்ட் செய்து, முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் உபுண்டுவில் அந்த ஃபைலின் தொடக்கத்திலேயே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி இருக்கிறது. பல விபிஎஸ்களில் அங்கே 50-கிளவுட்-இனிட் என்ற ஃபைல் 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்எச்டியைப் பொறுத்தவரை முதலில் படித்த மதிப்பே செல்லும். பின்னால் நீங்கள் எழுதியது செல்லாது. அங்கிருக்கும் ஃபைல்கள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும்; ஆகவே அதே ஃபோல்டரில் 01 எனத் தொடங்கும் பெயரில் ஒரு கான்ஃப் ஃபைல் போட்டு, பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன், கேபிடி இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன் (கேள்வி கேட்டு விசைப்பலகையில் பதில் வாங்கும் நுழைவு முறை), பெர்மிட் ரூட் லாகின் மூன்றுக்கும் 'நோ' கொடுங்கள். எஸ்எஸ்எச்டியைச் சின்ன 'டி' (-t) ஆப்ஷனுடன் ஓட்டினால் எழுத்துப் பிழை தெரியும். பெரிய 'டி' (-T) போட்டால் நடைமுறையில் எந்த மதிப்பு ஓடுகிறது என்பதே வந்துவிடும்.

ரீஸ்டார்ட் செய்யும்போது பழைய செஷனை மூடவே கூடாது. வேறு டெர்மினலில் கீ வைத்து நுழைந்து பாருங்கள். பிறகு பப்ளிக் கீ ஆதென்டிகேஷன் 'நோ' என்ற ஆப்ஷனை உங்கள் பக்கம் கொடுத்து இன்னொரு முறை முயலுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து, அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' மட்டும் நின்றால் சரி. கூடவே 'பாஸ்வேர்ட்' என்றும் இருந்தால் கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

ஃபெயில்2பேன் (தவறாக நுழையப் பார்க்கும் ஐபியைத் தடுக்கும் புரோகிராம்) போடலாம், கெடுதல் இல்லை. அதன் இயல்பான அமைப்பு 10 நிமிடத்தில் 5 தவறு நடந்தால் 10 நிமிடத் தடை. கீ மட்டும் என்று ஆனபின் அதன் வேலையும் லாகைச் சுத்தமாக வைப்பதோடு சரி. தளத்தின் ஃபைல்களை ஏற்ற இன்னும் எஃப்டிபி ஓடுகிறதென்றால் நிறுத்திவிடுங்கள். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகிறது. எஸ்எஸ்எச் வழியே ஃபைல் ஏற்றும் எஸ்எஃப்டிபி இதே கீயை வைத்தே வேலை செய்யும்.

கீ இருந்தும் உதவாத ஆபத்து, எஸ்எஸ்எச்டியிலேயே இருக்கும் ஓட்டை. 2024 ஜூலையில் வெளியான 'ரெக்ரஷன்' பிழை, லாகின் செய்வதற்கு முன்பே தாக்க வழி கொடுத்தது. பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். நிலையான ஐபி இருந்தால் ஃபயர்வாலில் அதை மட்டும் விடுங்கள். இல்லையென்றால் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால் எஸ்எஸ்எச்சை வைக்கலாம்.

கடைசியாக, விபிஎஸ் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனல். அங்கிருக்கும் கன்சோலுக்கு (பிரௌசரிலேயே சர்வரின் திரையைக் காட்டும் வசதி) உங்கள் எஸ்எஸ்எச் அமைப்பு எதுவும் பொருட்டில்லை. ரூட் பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் பட்டனும் பல பேனல்களில் அங்கேயே இருக்கும். அந்த அக்கவுண்டுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.