ஏப்ரல் 1-இல் காகித மீன்: கடலூரிலிருந்து பாரிஸ் புறநகருக்கு வந்த தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்துவந்த நீங்கள், திருமணத்துக்குப் பின் பாரிஸ் புறநகருக்கு வந்து, இந்தக் குளிர்காலத்தில் ஒரு மத்தெர்னெல் பள்ளியில், அதாவது மழலையர் பள்ளியில், உதவியாளராகத் தற்காலிக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். ஏப்ரல் 1 அன்று பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஏதாவது குறும்பு யோசித்து வரும்படி வகுப்பு ஆசிரியை உங்களிடம் சொல்லியிருக்கிறார். விவரம் அறியாத பிள்ளைகளை ஏமாற்றுவது நியாயமா, செய்வதென்றால் எதைச் செய்வது, அந்த நாளின் பிரெஞ்சு வழக்கப்படி பெரியவர் முதுகில் பிள்ளைகள் காகித மீன் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறையில் மாசி மகத்துக்காகப் புதுச்சேரி வந்திருக்கும் நான், வைத்திக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இதை எழுதுகிறேன். நானும் அட்செம் என்று அழைக்கப்படும் அதே பள்ளி உதவியாளர் வேலையில் நெடுங்காலமாக இருப்பவள். ஆதலால் பொதுவாகச் சொல்லாமல், வகுப்பறைக்குள் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

நியாயமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இந்த வயதுப் பிள்ளைகளிடம் செய்யும் குறும்பில் ஏமாறுகிறவர் பெரியவராகத்தான் இருக்க வேண்டும். எது தவறு என்று கண்டுபிடித்து, அதை ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உரியது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் தப்புத் தப்பாகப் பேச, முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சத்தம் போட்டுத் திருத்துவார்களே, அந்தக் கட்டியங்காரனின் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நாம் சிரித்தால் அது குறும்பு ஆகாது.

இதற்கு என் அனுபவம் மட்டுமே சாட்சி அன்று. 1987-இல் பெர்னர், லீக்கம், விம்மர் என்ற மூன்று உளவியலாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் டப்பா ஒன்றைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பிள்ளைகள் மிட்டாய் என்றார்கள். திறந்தால் உள்ளே பென்சில் இருந்தது. டப்பாவை மூடிவிட்டு, இன்னும் இதைப் பார்க்காத உன் நண்பன் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பான் எனக் கேட்டபோது, மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பென்சில் என்றே சொன்னார்கள். மறு ஆண்டு காப்னிக், ஆஸ்டிங்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், திறப்பதற்கு முன் நீயே என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கும் அந்த வயதில் பலரிடமிருந்து அதே பதில்தான் வந்தது. அதாவது, தான் ஒன்றை நம்பியிருந்தோம், அது பொய்யாகிவிட்டது என்று திரும்பிப் பார்க்கும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் நாம் ஏமாற்றினால், ஏமாற்றப்பட்ட வேடிக்கை பிள்ளைக்குப் புரியாது. ஆசைப்பட்டது கிடைக்காத துக்கம் மட்டும் மிஞ்சும்.

உங்கள் வகுப்பு பெத்தித் செக்சியோன், அதாவது மத்தெர்னெலின் முதல் ஆண்டு வகுப்பு, என்று எழுதியிருக்கிறீர்கள். பிரான்ஸ் பள்ளிகளில் பிறந்த ஆண்டை வைத்தே வகுப்பு பிரிக்கப்படுவதால், ஏப்ரல் மாதத்தில் உங்கள் வகுப்பின் டிசம்பர்ப் பிள்ளைக்கு வயது மூன்றேகால்தான் இருக்கும். ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு நாலேகால் ஆகியிருக்கும். 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயமாகிவிட்டதால், வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் தயங்கக்கூடிய பிள்ளைகளும் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குறும்புக்கு ஒரு பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்க, பக்கத்துப் பிள்ளை உதட்டைப் பிதுக்குவது இதனால்தான். குறும்பைக் கடைசிப் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து எதைக் கொண்டுவரக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நம் பள்ளிகளில் ஏப்ரல் முதல் தேதி என்றால் உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, ஏப்ரல் ஃபூல் என்பதன் சுருக்கமான ‘ஏ.எஃப்.’ என்ற எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கி, மையில் தொட்டுச் சட்டை முதுகில் குத்துவோம். பேனா மையைத் தெளிப்போம். அது பெரிய பிள்ளைகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் போர், அதோடு போகட்டும். நான் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சொல்லி அழவைத்து, பிறகு தூக்கிக் கொஞ்சுவது நம் வீடுகளில் இன்றும் விளையாட்டாகவே கருதப்படுகிறது. பூச்சாண்டி வருகிறான், போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார், டாக்டர் ஊசி போடுவார், அம்மா இன்றைக்கு உன்னைக் கூப்பிட வரமாட்டார் என்பவை அனைத்தும் அந்த வகையைச் சேர்ந்தவை. சொல்கிறவர் மனத்தில் அன்பு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அந்த அன்பைக் கண்டுகொள்ள வழியில்லை. அம்மா வரமாட்டார் என்றால் வரமாட்டார் என்றுதான் அதற்குப் பொருள். பிரான்சில் 2019 ஜூலை 10-ஆம் தேதிச் சட்டம், பிள்ளை வளர்ப்பில் உடலையோ மனத்தையோ வருத்தும் வன்முறைக்கு இடமில்லை என்று பெற்றோருக்கே வரையறுத்திருக்கிறது. சட்டத்துக்காக அல்லாமல் பிள்ளைக்காகவே இந்தப் பேச்சுகளை விட்டுவிடுங்கள் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரான்சில் உள்ளவர்களும் தவறுவது உண்டு. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தூதூ என்ற துணிப் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காது நைந்து, எச்சில் வாடையோடு, வாசலருகே ஒரு கூடையில் கிடக்கும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் ஏப்ரல் 1 அன்று ஒரு பையனின் சாம்பல் நிற முயலை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டார். தூங்கப்போகும் முன் அவன் கூடையில் இருந்த மற்றவர்களின் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். கூடை காலியானதும் அதன் அடியைக் கையால் தடவிப் பார்த்தான். அழவில்லை. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கூடையை விட்டு நகரவும் இல்லை. முயலை எடுத்துக் கொடுத்து ‘குறும்பு, குறும்பு’ என்று சிரித்துக் காட்டிய பிறகும் அவன் சிரிக்கவில்லை. அன்று மதியம் தூங்கவும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து முயலைக் கூடையில் போட மறுத்து, ஓவியம் தீட்டும்போதுகூட அக்குளில் இடுக்கிக்கொண்டே இருந்தான். தூதூ, அம்மா அப்பா, சாப்பாடு, தூக்கம், கழிப்பறை ஆகிய ஐந்தின் பக்கம் எந்தக் குறும்பும் போகக் கூடாது என்பதை அன்று முதல் நான் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன்.

சாப்பாட்டுக் குறும்புக்கு வேறு தடையும் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக மருத்துவர் குறிப்போடு பள்ளியில் எழுதி வைத்திருக்கும் ஏற்பாட்டை மீறி, பாலில் நிறம் கலப்பது, பிஸ்கட்டுக்கு நடுவே வேறு எதையோ வைப்பது போன்றவை ஆபத்தில் முடியலாம். விளக்கை அணைத்து ஒளிந்துகொள்ளும் குறும்பையும் தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்குள் வெளியாள் புகுந்தால் என்ன செய்வது என்ற பாதுகாப்புப் பயிற்சியை, சிறு பிள்ளைகள் பயப்படாமல் இருக்க, சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும் விளையாட்டாகத்தான் அங்கே சொல்லித் தருகிறார்கள்; அந்த விளையாட்டும் ஏப்ரல் குறும்பும் பிள்ளை மனத்தில் கலந்துவிடக் கூடாது.

இனி, செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். உங்கள் பிரெஞ்சு இன்னும் தட்டுத்தடுமாறுகிறது என்று வருந்தியிருக்கிறீர்கள். இந்த நாளுக்கு அதுவே போதும். வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முன் கத்தரிக்கோலை எடுத்து, மிகுந்த கம்பீரத்தோடு, ‘குய்யேர்’, அதாவது கரண்டி என்று சொல்லுங்கள். ‘நோன்!’ என்று கூரை அதிர ஒரு சத்தம் வரும். ‘சீசோ!’ என்று நான்கைந்து குரல்கள் திருத்தும். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு, ஆமாம் சீசோ என்று ஒப்புக்கொண்டு, அடுத்ததாகக் காலணியைத் தூக்கித் தொப்பி என்று தலையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் முகமும் பெரிதாக நடிக்க வேண்டும். உங்களுக்கு உண்மையாகவே சொல் தெரியவில்லை என்று நினைத்துவிட்டால் பிள்ளைகள் சிரிக்காமல் இரக்கத்தோடு சொல்லித்தரத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் நல்லதுதான். அந்த வகையில் நான் கற்றுக்கொண்ட சொற்கள் எந்த மாலை வகுப்பிலும் கற்றவற்றைவிட அதிகம்.

காலை வணக்கத்துக்குப் பதிலாக இரவு வணக்கம் சொல்வது, மேலங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு பொத்தானைத் தேடுவது, கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இந்த யானை ஏன் கூரையில் நடக்கிறது என்று வியப்பது ஆகியவை மூன்று வயதுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். வருகைப் பலகையில் பிள்ளைகளின் படங்களைத் தொடாமல், உங்கள் படத்துக்குப் பதிலாக ஒரு கோழியின் படத்தை வைத்துவிட்டு, இன்று நான் வந்திருக்கிறேனா என்று கேளுங்கள். பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவதைக் கடைசி ஆண்டு வகுப்பான கிராந்த் செக்சியோன் பிள்ளைகள் ரசிப்பார்கள். பெத்தித் செக்சியோனில் தன் பெயரை யாரோ பறித்துக்கொண்டதாகச் சில பிள்ளைகளுக்குத் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெறும் தொட்டிக் குறும்பு. ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியை இரு கையாலும் சிரமப்பட்டுத் தூக்கி வந்து, தண்ணீர் சிந்துகிறது, உள்ளே மீன் இருக்கிறது, மெதுவாகக் கைமாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்பது முதல் பிள்ளைக்கே தெரியும். தெரிந்தும், அடுத்தவனுக்கு நீட்டும்போது அந்தப் பிள்ளையின் கைகள் கனத்தால் தாழ்வதை நீங்கள் பார்க்க வேண்டும். வரிசையின் பாதியில் ஒருவன் தன் சட்டை நனைந்துவிட்டதாகத் துடைத்துக்கொள்வான். அப்போது குறும்பு உங்கள் கையை விட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது என்று பொருள். நீங்கள் ஒதுங்கி நின்றால் போதும்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியதும் ஒன்று உண்டு. இந்தத் திண்ணையில் இப்போதுகூட எதிர் வீட்டுப் பாட்டி பேத்தியின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்துகொண்டிருக்கிறார். விரல் விரலாக எல்லாருக்கும் சோறு பங்கிட்டுக் கொடுத்த பிறகு ‘நண்டூறுது, நரியூறுது’ என்று விரல்கள் கையேறத் தொடங்குவதற்கு முன்பே பேத்தி தோளைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். முடிவில் கிச்சுகிச்சு வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்திருப்பதால்தான் சிரிப்பு. இதை உங்கள் வகுப்பில் தமிழிலேயே சொல்லிச் செய்யுங்கள். முதலில் ஒரு பொம்மையின் கையில் செய்து காட்டி, தானாகக் கை நீட்டும் பிள்ளைக்கு மட்டும் செய்வது நல்லது. பிறர் தொடுவதை விரும்பாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

கடைசியாகக் காகித மீன். ‘புவாசோன் தாவ்ரில்’ என்பது அந்த நாளின் பெயர். ஏப்ரல் மீன் என்று பொருள். முந்தின நாட்களில் பிள்ளைகள் மீன் வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி வைத்துக்கொள்வார்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் வலை உதறுவதைப் பார்த்து வளர்ந்த நீங்கள் சங்கரா மீனின் சிவப்பையும் வஞ்சிரத்தின் வரிகளையும் அவர்களுக்கு வரைந்து காட்டலாம். குண்டூசி வேண்டாம், ஒட்டுநாடா போதும். மீனின் கண்ணுக்குப் பாசிமணி, பொத்தான் போன்ற சிறு பொருள்களும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். உண்மையான வேடிக்கை ஒட்டும் நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு சிறுமி மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நுனிக்காலில் வருவாள். சிரிப்பு மூக்கு வழியாகச் சீறும். ஒட்டுநாடா அவள் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொள்ள, அதைப் பிரித்தெடுக்கும் வரை நீங்கள் சன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுக்கு எட்டாது, இடுப்புக்குக் கீழேதான் ஒட்டுவாள்.

குரு தெய்வம் என்று வளர்ந்த நமக்கு முதலில் கூச்சமாக இருப்பது இயல்பே. ஆனால் அந்தப் பிள்ளை உங்களை இகழவில்லை. தான் அறிந்த ஒன்றை ஒரு பெரியவர் அறியாமல் இருக்கிறார் என்ற நிலையை வாழ்வில் முதன்முறையாகச் சுவைக்கிறாள். மேலே சொன்ன டப்பா ஆய்வில் தேடிய அதே திறமைதான் அங்கே உங்கள் முதுகுக்குப் பின்னால் முளைக்கிறது. மரியாதைக் குறைவு என்று நினைத்து முகம் சுளித்துவிடாதீர்கள்.

எதைச் செய்வதானாலும் வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மை வேலைக்கு வைத்திருப்பது நகராட்சி என்றாலும் வகுப்புக்குள் பொறுப்பு அவருடையது. கைபேசியில் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பத் தோன்றும். பெற்றோரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகத்தைப் படம்பிடிக்க அங்கே இடமில்லை. ஏப்ரல் 1 புதன்கிழமையில் வந்தால் பல ஊர்களில் பள்ளி இராது என்பதால், மீன் ஒட்டுவதை முந்தின நாளுக்கு வைத்துக்கொள்வது பற்றியும் ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையாவது முகம் வாடினால், விளக்கத்தில் இறங்காமல், அதன் உயரத்துக்குக் குனிந்து ‘செ பூர் ரீர்’, சும்மா சிரிப்பதற்குத்தான் என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் கையில் ஒரு மீனைக் கொடுத்து உங்கள் முதுகைக் காட்டுங்கள். ஒட்டிய மீன்களை மாலை நாலரை மணிக்குப் பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்வரை எடுக்காதீர்கள். வாசலில் அம்மாவிடம் உங்கள் முதுகைக் காட்டித் தன் மீன் எது என்று சொல்ல ஒவ்வொரு பிள்ளையும் காத்திருக்கும்.