முதல் சுற்றில் எந்த அணி எதிரே வந்தால் நல்லது என்று என்பிஏ ரசிகர்கள் ஏன் கணக்குப் போடுகிறார்கள்?

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 8 அணிகள், லீக் கட்டம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் கட்டத்துக்குப் போகும். முதலிடத்துக்கு எட்டாமிடம், இரண்டாமிடத்துக்கு ஏழாமிடம் என்று ஜோடி சேரும். 7 ஆட்டங்களில் முதலில் 4 வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும்.

சரி, எட்டாமிடம்தானே, சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரே அணியோடு திரும்பத் திரும்ப மோதும்போது, அவர்களுடைய ஆட்டப் பாணி நமக்குத் தோதானதா என்பதுதான் பெரிய கேள்வி. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஒரு பாடம் தண்ணி காட்டும், இல்லையா? 2007இல் முதலிடத்தில் இருந்த டல்லாஸுக்கு அப்படி வாய்த்த எட்டாமிட அணி கோல்டன் ஸ்டேட். டல்லாஸுக்கு 67 வெற்றிகள், அவர்களுக்கு வெறும் 42. ஆனால் லீக் கட்டத்தில் மோதிய 3 ஆட்டங்களிலும் டல்லாஸ் அவர்களிடம் தோற்றிருந்தது. போதாததற்கு, அவர்களின் பயிற்சியாளர் டான் நெல்சன் முன்பு டல்லாஸில் இருந்தவர். நட்சத்திர வீரர் டிர்க் நோவிட்ஸ்கியின் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. ஆறாவது ஆட்டத்தில் நோவிட்ஸ்கி கூடையை நோக்கி எறிந்த 13 பந்துகளில் விழுந்தவை 2தான். 4-2 என்று டல்லாஸ் வெளியேறியது. எனவே ரசிகர்கள் முதலில் லீக் கட்ட நேரடி மோதல்களைப் புரட்டுவது சரியான பழக்கம்தான்.

அப்புறம், முதல் சுற்று முடிந்ததும் அணிகளை மறுபடி வரிசைப்படுத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 1-8 ஜோடியில் வென்ற அணி 4-5 ஜோடியில் வென்ற அணியோடுதான் ஆடும்.